ஒரு '&' குறியும் தீபாவளிச் சம்பளமும்



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாலிடெக்னிக்கில் என்னிடம் கணினிப் பிரிவு படித்தவர்கள் இன்றும் "சார், ஒரு சந்தேகம்" என்று வாட்ஸப்பில் வருகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் சந்தேகம் கேட்க ஆள் இருப்பது ஒரு வாத்தியாருக்குப் பென்ஷனைவிடப் பெரிய சந்தோஷம். இந்த ஒரு வருஷத்தில் நாலைந்து பேர், வெவ்வேறு ஊரிலிருந்து, கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வெப் சர்வீஸில் இருக்கிற ஃபங்ஷனுக்கு நம்ம புரோகிராமிலிருந்து எக்ஸ்எம்எல் தரவை எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் எர்ரர் வருது. சில சமயம் எர்ரரே வராமல் தப்பாப் போகுது." தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அக்கா, மச்சான், சித்தி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் "இது கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்" என்று தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள். உங்கள் பெயர் பேங்கிலிருந்து இன்னோர் இடத்துக்கும், இன்ஷூரன்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் போய் வருவது இந்த மாதிரிப் பாதையில்தான். போகிற வழியில் பெயர் உடைந்தால் அலைவது நீங்கள்தான்.

முதலில் அடிப்படை. நாமினல் ரோல் ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு முன்னால் மாணவர் பெயர், பிறந்த தேதி, பாடப்பிரிவு எல்லாம் கட்டம் கட்டமாக எழுதித் தேர்வுத் துறைக்கு அனுப்புவோம். கட்டம் மாறினால் அங்கே வாங்க மாட்டார்கள். எக்ஸ்எம்எல் என்பது அந்தப் படிவம். வெப் சர்வீஸ் ஃபங்ஷன் என்பது அதை வாங்குகிற கவுன்ட்டர். படிவம் இப்படி இருக்கும்:

<ஊழியர்>
<பெயர்>கமலா</பெயர்>
<சம்பளம்>9400</சம்பளம்>
</ஊழியர்>

உங்களுக்குப் புரியட்டும் என்று மட்டும் தமிழில் எழுதவில்லை. எக்ஸ்எம்எல் விதிப்படி டேக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். இது முறையான எக்ஸ்எம்எல்தான்.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எக்ஸ்எம்எல்லின் முதல் பதிப்பை 1998 பிப்ரவரியில் வெளியிட்டது. அதை ஓர் உறைக்குள் போட்டு இன்னொரு கணினியின் ஃபங்ஷனைக் கூப்பிடும் சோப் முறையின் 1.1 பதிப்பு 2000-இலும், 1.2 பதிப்பு 2003-இலும் வந்தன. இப்போது புதிதாக எழுதுகிறவர்கள் ஜேசனுக்குப் போய்விட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் எக்ஸ்எம்எல் செத்துப்போகவில்லை. ஆதாருக்காகக் கொண்டுவந்த பேப்பர்லெஸ் ஆஃப்லைன் இ-கேஒய்சி கோப்பு டிஜிட்டல் கையெழுத்திட்ட எக்ஸ்எம்எல்தான். நம் ஊர்க் கடைகளில் கணக்கு எழுதும் டாலியும் வெளிப் புரோகிராம்களோடு எக்ஸ்எம்எல்லில் பேசும். பழைய வங்கி, காப்பீட்டு அமைப்புகளைச் சொல்லவே வேண்டாம். வேலைக்குப் போகும் பிள்ளைகள் அங்கேதான் முதலில் இதை எதிர்கொள்கிறார்கள்.

இனி அந்தத் தீபாவளிக் கதை.

என் மாணவி ஒருத்தி ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். மில்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் வேலை. ஒவ்வொரு கான்ட்ராக்டரின் கீழும் யார் யார் வேலை செய்தார்கள், எவ்வளவு கூலி என்பதை எக்ஸ்எம்எல்லாக்கி, பணம் பட்டுவாடா செய்யும் இன்னொரு நிறுவனத்தின் வெப் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்த புரோகிராம். எல்லா மாதமும் ஓடிய புரோகிராம், தீபாவளி வாரத்தில் ஒரு கான்ட்ராக்டருக்கு மட்டும் ஓடவில்லை. அவர் அந்த மாதம்தான் புதிதாகச் சேர்ந்தவர். மற்ற எல்லோருக்கும் பணம் போய்விட்டது. அவருக்குக் கீழே வேலை பார்த்த 23 பெண்களுக்குப் போகவில்லை. சர்வர் சொன்ன பதில், 'உள்ளீடு தவறு' என்ற ஒரே வரி.

இரண்டு நாள் வருகைப் பதிவையும் கூலிக் கணக்கையும் மாற்றி மாற்றிச் சரிபார்த்திருக்கிறாள். எல்லாம் சரி. மேலே இருப்பவர் "உனக்கு இந்த வேலை சரிப்படாது போல" என்று சொல்லிவிட்டாராம். மில்லிலிருந்து அந்தப் பெண்களில் ஒருவரே போன் செய்து, "பாப்பா, துணி எடுக்கணும், எப்ப வரும்?" என்று கேட்டாராம். அன்றைக்கு ராத்திரிதான் எனக்குப் போன் வந்தது. குரல் அடைத்திருந்தது.

"அனுப்புற எக்ஸ்எம்எல்லை அப்படியே எனக்கு அனுப்பும்மா, பெயர் எல்லாம் மறைச்சிடு" என்றேன். "கான்ட்ராக்டர் பேரையுமா சார்?" என்றாள். "அது எப்படி இருக்கு, சொல்லு" என்றேன். பெயரின் நடுவில் '& சன்ஸ்' என்று இருந்தது.

அவ்வளவுதான் விஷயம். எக்ஸ்எம்எல்லில் & என்பது சும்மா ஒரு எழுத்து இல்லை. "அடுத்து ஒரு சிறப்புக் குறியீடு வருகிறது" என்று அர்த்தம். வாசிக்கும் சர்வர் & குறியைப் பார்த்ததும் குறியீட்டின் பெயரை எதிர்பார்க்கும். வந்தது வெறும் இடைவெளி. உடனே முழுப் படிவத்தையும் தூக்கிப் போட்டுவிடும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளாது. விதியே அப்படித்தான்: ஓர் இடத்தில் இலக்கணம் உடைந்தால் மேற்கொண்டு வாசிக்கக் கூடாது. < குறிக்கும் இதே கதிதான்.

பழைய புரோகிராமில் டேக்கையும் பெயரையும் கூட்டல் குறி போட்டு ஒட்டி, ஒரு நீள ஸ்ட்ரிங்காக ஆக்கியிருந்தார்கள். அதுவரை எந்தக் கான்ட்ராக்டர் பெயரிலும் & வராததால் வண்டி ஓடியது.

அலுவலகத்தில் ஒருவர் "பேர்ல இருக்கிற & குறியை எடுத்துட்டு 'அண்டு'ன்னு போட்டு அனுப்பு, முடிஞ்சுது" என்று யோசனை சொன்னாராம். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் பதிவில் இருக்கும் பெயரோடு அது ஒத்துப்போகாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு முக்கியம். பெயர் அவருடையது. அதைத் திருத்த நமக்கு என்ன உரிமை? நம் வேலை அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்டில் ஒருவர் அவசரத்தில் ஓர் எழுத்தை மாற்றியதால் பாஸ்போர்ட் ஆபீஸுக்கும் கெஜட் அறிவிப்புக்கும் அலைந்தவர்கள் நம் குடும்பத்திலேயே இல்லையா?

சரியான வழி, ஒட்டுவதை நிறுத்துவதுதான். எல்லா மொழியிலும் எக்ஸ்எம்எல் எழுத லைப்ரரி இருக்கிறது. "பெயர் என்ற டேக், அதன் உள்ளே இந்த மதிப்பு" என்று அதனிடம் சொன்னால் போதும். & வந்தால் அதுவே &#38; என்றோ, அதற்குச் சமமான குறியீடாகவோ எழுதிவிடும். < வந்தால் &#60; ஆகும். அந்தப் பக்கம் வாசிக்கும்போது மறுபடி & ஆகவும் < ஆகவும் திரும்பிவிடும். அவள் மறுநாள் காலை அந்தப் பகுதியை மட்டும் மாற்றி எழுதினாள். மத்தியானம் 23 பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. புரோகிராமில் மாறியது பத்துப் பன்னிரண்டு வரி. வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று யாரும் அதன் பிறகு சொல்லவில்லை.

இனி மாணவர்களுக்கான பாடம். ஃபங்ஷனுக்கு எக்ஸ்எம்எல் கொடுக்க மூன்று வழிகள். எது உங்கள் சர்வீஸுக்குப் பொருந்தும் என்பதை டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைத் திறந்து பாருங்கள். அந்தக் கவுன்ட்டர் என்ன படிவம் வாங்கும் என்று எழுதி ஒட்டியிருக்கும் பலகை அதுதான்.

முதல் வழி, ஆப்ஜெக்டாகக் கொடுப்பது. டபிள்யூஎஸ்டிஎல்லில் ஊழியர், பெயர், சம்பளம் என்று வகைகள் விவரமாக இருந்தால் நீங்கள் எக்ஸ்எம்எல்லையே தொட வேண்டாம். டாட்நெட்டில் சர்வீஸ் ரெஃபரன்ஸ் சேர்த்தால் அதற்கான கிளாஸ்களை அதுவே உருவாக்கிக் கொடுக்கும். பிஹெச்பியில் சோப் கிளையன்ட், பைத்தானில் ஸீப் லைப்ரரி இருக்கின்றன. ஊழியர் ஆப்ஜெக்டில் பெயரையும் சம்பளத்தையும் நிரப்பி ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்எம்எல் ஆக்குவது லைப்ரரியின் பாடு. முடிந்தவரை இந்த வழியில் போங்கள்.

இரண்டாவது, எக்ஸ்எம்எல் மரமாகவே கொடுப்பது. "எந்த எக்ஸ்எம்எல் வந்தாலும் வாங்குவேன்" என்று சில ஃபங்ஷன்கள் வைத்திருக்கும். அப்போது ஆவணத்தை நினைவகத்தில் மரமாகக் கட்டி, அதன் வேர்க் கிளையை ஃபங்ஷனுக்குக் கொடுக்க வேண்டும். அது உறைக்குள் டேக்காகவே போகும்.

மூன்றாவது, ஸ்ட்ரிங்காகக் கொடுப்பது. ஃபங்ஷன் கேட்பது ஒரு ஸ்ட்ரிங், ஆனால் அதற்குள் எக்ஸ்எம்எல் இருக்க வேண்டும் என்பார்கள். பழைய சர்வீஸ்களில் இது நிறைய. இங்கேதான் எல்லோரும் பயப்படுகிறீர்கள். அனுப்பியதை எட்டிப் பார்த்தால் < குறியெல்லாம் குறியீடாக மாறியிருக்கும். "சார், என் எக்ஸ்எம்எல்லைக் கெடுத்துடுச்சு!" கெடுக்கவில்லை. கடிதத்துக்குள் கடிதம் வைத்தால் உள்ளே இருப்பதையும் ஒட்டித்தானே வைப்பார்கள்? அந்தப் பக்கம் ஒரு தடவை பிரித்தால் அசல் வந்துவிடும். பயந்துபோய் நீங்கள் கையாலும் ஒரு தடவை மாற்றினால்தான் வம்பு. அங்கே ஒரு தடவைதான் பிரிப்பார்கள்; இன்னொரு ஒட்டு மிச்சமாக நிற்கும். உறவினர்களே, சில ரசீதுகளிலும் குறுஞ்செய்திகளிலும் கடைப் பெயரின் நடுவே & குறிக்குப் பக்கத்தில் ஏ, எம், பி என்ற ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தடவை ஒட்டி ஒரு தடவை பிரித்த கதை அது.

லைப்ரரியே இல்லாமல் நேரடியாக எச்டிடிபி வழியில் அனுப்புகிறவர்கள் உறையின் மேலே எழுதுவதையும் சரியாக எழுத வேண்டும். சோப் 1.1 என்றால் உள்ளடக்க வகை 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்', கூடவே சோப்ஆக்‌ஷன் என்ற தலைப்பு. 1.2 என்றால் 'அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்'. இதை மாற்றிப் போட்டால் உள்ளே இருப்பதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து, தமிழில் பெயர் அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது. 'கமலா' என்பதில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். இலக்கணப்படி சரி. யூனிகோடில் க, ம, ல, துணைக்கால் என்று நான்கு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 12 பைட். நீளத்தைக் குறிப்பிடும் தலைப்பில் 12 என்று போக வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிங்கின் நீளமான 4-ஐப் போட்டால், சர்வர் அந்த அளவோடு வாசிப்பதை நிறுத்திவிடும். வால் அறுந்து, மூடும் டேக் வராமல், "ஆவணம் பாதியில் முடிந்துவிட்டது" என்று எர்ரர் வரும். ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் சோதனையில் இது மாட்டவே மாட்டாது.

அதைவிட மோசம், ஸ்ட்ரிங்கை ஆஸ்கி முறையில் பைட்டாக மாற்றுவது. எர்ரர் வராது. கமலா போன இடத்தில் '????' என்று நாலு கேள்விக்குறி நிற்கும். போன பெயரைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. ஆகவே எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். சி ஷார்ப்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஸ்ட்ரிங் ரைட்டரில் எழுதினால் முதல் வரியில் 'யூடிஎஃப்-16' என்று அதுவாகவே போட்டுவிடும். நீங்கள் அனுப்புவது யூடிஎஃப்-8 ஆக இருக்கும். மேலே ஒன்று, உள்ளே ஒன்று. சர்வர் குழம்பிவிடும். அந்த முதல் வரிக்கு முன்னால் ஓர் இடைவெளிகூட இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேம்ஸ்பேஸ் என்றாலே பலருக்கு அலர்ஜி. நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகக் கூடாது. வருகைப் பதிவேட்டில் இரண்டு கமலா இருந்தால் என்ன செய்வோம்? எம். கமலா, ஆர். கமலா. நேம்ஸ்பேஸ் என்பது டேக்கின் இனிஷியல். சர்வர் எதிர்பார்ப்பது 'எம்' வீட்டுச் சம்பளம்; இனிஷியல் இல்லாமல் நீங்கள் அனுப்பியது வேறு ஏதோ சம்பளம். பல சர்வீஸ்கள் இதை எர்ரர் என்றுகூடச் சொல்வதில்லை. "எனக்கு வேண்டியது வரவில்லை" என்று எடுத்துக்கொண்டு, எண் இருக்க வேண்டிய இடத்தில் 0 என்று வைத்துவிட்டு, 'வெற்றி' என்று பதில் அனுப்பும். எர்ரர் வந்தால் உட்கார்ந்து தேடுவோம். வெற்றி என்று வந்தால் வீட்டுக்குப் போய்விடுவோம். ஒருவருடைய ஒரு மாதக் கூலி 0 ஆகிக் கிடக்கும். மரமாகக் கட்டுகிறவர்கள் பெற்ற டேக்குக்கு நேம்ஸ்பேஸ் கொடுத்தால் பிள்ளைக்கும் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு டேக்கையும் உருவாக்கும்போதே கொடுக்க வேண்டும். அனுப்பியதில் காலி மேற்கோளோடு ஒரு நேம்ஸ்பேஸ் அறிவிப்பு தெரிந்தால் பிள்ளை அனாதையாக நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இல்லாததை எப்படிச் சொல்வது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலும் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு அமெரிக்கா போனவர்களின் விசாவில் 'எஃப்என்யூ' என்று அச்சானதை நம் சொந்தத்திலேயே பார்த்திருக்கிறோம். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. எக்ஸ்எம்எல்லில் இதற்கு மூன்று நிலைகள். டேக்கே இல்லை என்றால் 'எதுவும் சொல்லவில்லை'. டேக் இருந்து உள்ளே காலியாக இருந்தால் 'சொன்னேன், அது வெற்று'. 'நில்' என்ற பண்பைச் சேர்த்தால் 'மதிப்பு இல்லை என்றே சொல்கிறேன்'. மூன்றும் ஒன்றல்ல. சர்வீஸ் எதை ஏற்கும் என்று அதன் எக்ஸ்எஸ்டி வரையறையில் இருக்கும். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று ஒரு புள்ளியையோ, அதே பெயரை இரண்டாம் தடவையோ போட்டுவிடாதீர்கள். அந்தப் புள்ளி நாளைக்கு ஒருவருடைய இன்ஷூரன்ஸ் அட்டையில் அச்சாகும்.

அந்த எக்ஸ்எஸ்டி கோப்பு கையில் இருந்தால் அனுப்பும் முன்னால் நீங்களே சரிபார்க்கலாம். டேக்குகளின் வரிசை மாறினால்கூட அது சொல்லிவிடும். சர்வர் 'உள்ளீடு தவறு' என்று ஒரு வரியில் முடிப்பதை உங்கள் கணினி வரி எண்ணோடு சொல்லும். இரண்டு நாள் வேலை இரண்டு நிமிஷத்தில் முடியும்.

ஸ்ட்ரிங்கை ஒட்டுவதில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. பெயர் கட்டத்தில் ஒருவர் வேண்டுமென்றே </பெயர்> என்று மூடி, பின்னால் தானே ஒரு <சம்பளம்> டேக்கை எழுதிவைத்தால், ஒட்டும் புரோகிராம் அதையும் அப்படியே எடுத்துப் போய்விடும். லைப்ரரி அதை வெறும் எழுத்தாகத்தான் எழுதும். & குறியையும் திருடனையும் ஒரே பூட்டுத் தடுக்கிறது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் எழுதும் புரோகிராமைச் சோதிக்க ஏபிசி, டெஸ்ட்1, டெஸ்ட்2 என்று பெயர் போடாதீர்கள். நம் மனுஷர்களின் பெயர் மாதிரி போடுங்கள். நடுவில் & இருக்கும் கடைப் பெயர் ஒன்று. டி'சூசா மாதிரி மேற்கோள் குறி வரும் பெயர் ஒன்று. இனிஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. குடும்பப் பெயரே இல்லாத ஒற்றைப் பெயர் ஒன்று. ஸ்ரீயும் கொம்பும் துணைக்காலும் வரும் முழுத் தமிழ்ப் பெயர் ஒன்று. கட்டத்துக்குள் அடங்காத நீளப் பெயர் ஒன்று. இந்த ஆறேழு பேரும் அந்தப் பக்கம் போய், எழுத்து மாறாமல் திரும்பி வந்தால் உங்கள் புரோகிராமை நம்பலாம்.

வேலையில் இருக்கும் மாணவர்கள் நாளைக்கே இதைச் செய்து பார்த்து, யார் பெயர் வழியில் மாட்டியது என்று எனக்கு எழுதுங்கள். ராத்திரி ஒன்பதுக்குள் போன் செய்தால் எடுப்பேன். அதற்கு மேல் உங்கள் மேடம் திட்டுவார்.

அன்புடன்,
உங்கள் சார்